பாய்லர்காரர் கட்டிய பூப்பொட்டலம்

குமாரபாளையத்தில் மாதேஸ்வரன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் விழிப்பார்கள். பாய்லர்காரர் வீடு என்று கேட்டால் டீக்கடைக்காரரே கல்லாவை விட்டு இறங்கி வந்து வழி காட்டுவார். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே சைசிங் மில்லில் அடுப்புப் போடுகிறவர் அவர். சைசிங் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தறிக்குப் போகிற நூல் அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி போட்டு, நீராவிச் சூட்டில் காயவைத்துச் சுற்றிக் கொடுப்பார்கள். நீராவிக்கு ஒரு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு ஓர் அடுப்பு வேண்டும், அடுப்புக்கு ஒரு மாதேஸ்வரன் வேண்டும். தான் ஒரு நாள் படுத்துக்கொண்டால் தெருவில் ஒரு தறியும் சத்தம் போடாது என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. அது முழுப்பொய்யும் இல்லை.

மில் சுவரை ஒட்டிய சந்திலேயே வாடகைக்கு வீடு. வாசலில் நின்று அண்ணாந்தால் மில்லின் புகைபோக்கி தெரியும். சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்து, அடுப்பில் என்ன எரிகிறது என்று சொல்லிவிடுவார். வெள்ளையாகப் போனால் விறகு ஈரம். கறுப்பாகச் சுருண்டு போனால் கழிவுத்துணி. விறகுக்குப் பதிலாகப் பனியன் கம்பெனிகள் கழித்துப்போட்ட துண்டுத்துணியை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து எரிப்பது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. சாயம், எலாஸ்டிக், பாலித்தீன் பை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். யாரும் பிரித்துப் பார்த்துப் போடுவதில்லை. போட்டால் எரியும், எரிந்தால் நீராவி வரும், அவ்வளவுதான்.

அவர் மனைவி வசந்தாமணிக்கு வீசிங். ஆரம்பத்தில் சளி என்றார்கள். பிறகு தயிர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தலைக்குக் குளித்த ஈரம் ஆகாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார்கள். பவானியில் ஒரு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "தூசியும் புகையும் ஆகாதம்மா" என்றார். டாக்டர் சொன்னது இரண்டு. வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒன்றரை. பஞ்சுத் தூசி ஆகாது என்று அவளைத் தறி ஓட்டுகிற வேலையிலிருந்து நிறுத்தினார் மாதேஸ்வரன். விறகடுப்பை எடுத்துவிட்டு கேஸ் அடுப்பு வாங்கினார். மனைவிமேல் அக்கறையுள்ள புருஷன் என்று சந்தே மெச்சியது. சுவருக்கு அந்தப் பக்கம் தன் கையால் எரிகிற அடுப்பு மட்டும் அவர் கண்ணில் படவில்லை. கண்ணில் படாமல் இருக்க அதொன்றும் சின்னப் பொருளல்ல.

வசந்தாமணி நாளைக்கு நாள் சுருங்கினாள். வாயில் வைத்து இழுக்கிற பம்பு இடுப்பிலேயே இருக்கும். படுத்தால் மூச்சு முட்டும் என்று, சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். மகள் சௌந்தர்யா திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வந்தால், அம்மா இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பேசுவதைக் கேட்டு அழுவாள். அழுதுவிட்டு ஊருக்குப் போய்விடுவாள். வேறென்ன செய்வாள்?

அந்த நிலையில்தான் கொரோனா வந்தது. பங்குனி மாதம், ஊரடங்கு. பஸ் இல்லை, லாரி இல்லை, தறி இல்லை. முதலாளி போன் செய்து, "அடுப்பை அமத்திப்போட்டு ஊட்டுக்குப் போங்க பாய்லர்காரரே, எப்பன்னு சொல்றேன்" என்றார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அணைத்த அடுப்புதான், ஆனால் திரும்பி எப்போது மூட்டுவது என்று தெரியாமல் அணைத்தது அதுவே முதல்தடவை. மாதேஸ்வரன் சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தார். கைக்கு வேலை இல்லாமல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சில நாட்களில் சந்துக்காரர்கள் எல்லாம் மொட்டை மாடிக்கு ஏறி, சங்ககிரி மலை பளிச்சென்று தெரிகிறது, திருச்செங்கோட்டு மலைகூடத் தெரிகிறது என்று செல்போனில் படம் எடுத்தார்கள். மாதேஸ்வரனும் போனார். மலையைப் பார்க்கவில்லை அவர். பக்கத்தில் யாரோ நிற்கிறார்களே என்று திரும்பினால் வசந்தாமணி. மாடிப்படியை ஏறி வந்திருந்தாள். வருஷக்கணக்கில் ஏறாத படி. மூச்சு வாங்கவில்லை. கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "ஏனுங்க, காத்து எப்படி வருது பாருங்க" என்றாள், ஒரே மூச்சில்.

அன்றைக்கு இரவு தலையணையைக் கீழே போட்டு மல்லாந்து படுத்துத் தூங்கினாள். உலகமே மூச்சுத்திணறி ஆக்சிஜனுக்கு அலைந்த நேரத்தில், இத்தனை வருஷமாகத் திணறிக்கொண்டிருந்த ஒருத்தி நிம்மதியாக மூச்சு விட்டாள். இதை வெளியே சொல்லவும் கூச்சம். ஊர் செத்துக்கொண்டிருக்கும்போது எனக்குக் கொண்டாட்டம் என்று யாராவது சொல்வார்களா?

சௌந்தர்யாவிடம் மட்டும் போனில் சொன்னாள். அவள் நாலு செய்தி படிக்கிறவள்.

"நம்மூருக்கு மட்டும் இல்லீங்கம்மா. காரு, லாரி, மில்லு, ஏரோப்ளேன் எல்லாம் நின்னதுல உலகம் பூராவுமே புகை கொறஞ்சு போச்சாமா. பூமியச் சூடாக்கற கரியமில வாயுகூடக் கொறஞ்சிருக்குதுன்னு போட்டிருக்கறாங்க."

"அப்ப எனக்கு நல்லாருக்கறதும் அதனாலதானா சாமி?"

மாதேஸ்வரன் சட்டென்று போனுக்குள் புகுந்தார். "ஏம்புள்ள, முனிசிபாலிட்டியில குடுத்த கபசுரக் குடிநீரை டம்ளர் டம்ளரா ஊத்தறயே, அதுல நெஞ்சு தொறக்காதா? அதைச் சொல்லு மொதல்ல."

கபசுரக் குடிநீர் என்ற கஷாயத்தை அப்போது தெருத்தெருவாக அண்டாவில் கொண்டுவந்து ஊற்றினார்கள். வசந்தாமணி தவறாமல் குடித்தாள். பூட்டிக்கிடந்த மாரியம்மன் கோயில் கம்பிக்கதவுக்கு வெளியே நின்று தினமும் கும்பிட்டாள். ஆக, காரணம் மூன்று: கஷாயம், அம்மன், புகை. மாதேஸ்வரன் முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார். மூன்றாவதை ஏற்றுக்கொண்டால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அத்தனை அவசரமாகப் பேச்சில் குறுக்கே விழுந்தார்.

வைகாசியில் மில்லைத் திறக்க விட்டார்கள். முதலாளி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், முகத்தில் பாதியை மாஸ்க் மறைத்திருந்தது.

"நின்னு போன நாளுக்கும் சேத்து ஓட்டோணும் பாய்லர்காரரே. வெறகு கட்டுபடியாகாது. துணியவே போடுங்க."

"பூராவும் துணியா போட்டா புகை ஊருக்குள்ள எறங்குமுங்க."

"எறங்குனா எறங்கிட்டுப் போவுது. பட்டினி கெடந்த சனம் புகைக்கா பயப்படும்?"

மாதேஸ்வரன் உள்ளே போனார். மூட்டைகளைப் பிரித்துத் திணித்தார். தொலைக்காட்சியில் பெரிய மனிதர்கள் வந்து, இயற்கை தன்னைத்தானே சுத்தம் செய்துகொண்டுவிட்டது, நாம் பாடம் கற்றுக்கொண்டோம் என்று வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்த அதே வாரம், குமாரபாளையத்துச் சந்தில் முன்பு இல்லாத அளவுக்குப் புகை இறங்கியது. பாடமாவது படிப்பாவது! விட்டதைப் பிடிக்கிற வெறியில் ஓடினார்கள். கொடியில் காய்ந்த துணியை உதறினால் கரி உதிர்ந்தது. வசந்தாமணியின் தலையணை மறுபடியும் சுவருக்குப் போனது.

அவள் ஒன்றும் மண்ணாங்கட்டி இல்லை. கஷாயம் இன்னமும் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மனையும் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாறியது எது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. அடுப்பு அணைஞ்சிருந்தப்ப எனக்கு மூச்சு இருந்துச்சு. இப்ப இல்லை. எங்க அண்ணன் கூப்புடுதுங்க. எருமப்பட்டிக்கே போயர்லாமுங்க."

எருமப்பட்டி நாமக்கல்லுக்குக் கிழக்கே. அங்கே அவள் அண்ணன் மணியனுக்கு வெங்காயமும் குச்சிக்கிழங்கும் விளைகிற தோட்டம். தோட்டத்துக்குள் ஒரு சாளை, ஓடு போட்ட சின்ன வீடு, ஆள் இல்லாமல் கிடந்தது. சும்மா கிடக்கிற வீடுதானே, வந்து இருங்கள், தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மணியன் மனசாரத்தான் கூப்பிட்டார்.

ஆனால் மாதேஸ்வரனுக்கு மணியன் என்றால் தொண்டையில் முள். சௌந்தர்யாவின் கல்யாணத்தில் சமையல்காரர் ஆள் போதவில்லை என்று வந்து நின்றபோது, மணியன் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் இருக்கிற சபையில், "எங்க மாப்ளெ இருக்கறப்ப அடுப்புக்கு ஆள் தேடுவாங்களா?" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மாதேஸ்வரனும் சிரித்தார். சிரித்த அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அவருக்குச் செரிக்கவில்லை. இங்கே பாய்லர்காரர் என்றால் முதலாளிகூட 'ங்க' போட்டுப் பேசுவார். அங்கே போனால் மச்சான் வாசலில் கிடக்கிற ஆள். ஒரு கேலிக்குப் பயந்து பெண்டாட்டியின் மூச்சைப் பிடித்துவைத்தாரா என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான் பிடித்துவைத்தார். ஆம்பிளையின் ரோசம் என்று இதற்கு ஒரு நல்ல பெயர் வேறு இருக்கிறது.

"போலாம், வேண்டாம்னு நாமளா முடிவு பண்ண வேண்டாம். அம்மாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்று சொன்னதும் வசந்தாமணிதான். அதைக் கேட்டு அவருக்கு ஒரு வழி தெரிந்தாற்போல் இருந்தது.

பூக் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். கிணறு வெட்ட, பெண் எடுக்க, வீடு மாற, எதற்கும் அம்மன் முன்னால் பூ வைத்துக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் எருமப்பட்டி, சிவப்பு வந்தால் குமாரபாளையம் என்று வசந்தாமணி மனதுக்குள் வேண்டிக்கொண்டு புருஷனிடமும் சொன்னாள்.

ஆவணியில் கோயில் திறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை போனார்கள். வெள்ளரளியும் செவ்வரளியும் பறித்துவந்திருந்தாள். "உங்க கை நிதானமான கை. நீங்களே கட்டுங்க" என்று இலையையும் நாரையும் அவரிடம் கொடுத்துவிட்டு, பூசாரியிடம் போய் நின்றுகொண்டாள். மாதேஸ்வரன் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். செவ்வரளியை வைத்து ஒரு பொட்டலம் கட்டினார். இரண்டாவது இலையை விரித்தார். கை வெள்ளரளிமேல் போய், நின்று, திரும்பிவந்து செவ்வரளியை எடுத்தது. யாரும் பார்க்கவில்லை. வெள்ளரளியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்தார்.

கோயிலுக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணைப் பூசாரி எடுக்கச் சொன்னார். அது வெகுநேரம் யோசித்து, இடதுபக்கத்துப் பொட்டலத்தை எடுத்தது. அத்தனை யோசனையும் வீண் என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? சிவப்பு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி பாவம், ஒன்றும் செய்யவில்லை. "மத்ததை ஆத்துல உட்டர்றேனுங்க" என்று மீதிப் பொட்டலத்தை மாதேஸ்வரன் எடுத்துக்கொண்டார். காவிரியில் விட்டார். சட்டைப்பையில் இருந்த வெள்ளரளியை வேலைக்குப் போனதும் அடுப்பில் எறிந்தார்.

வசந்தாமணி அழுவாள், ஒரு வாரத்துக்கு முகம் கொடுக்கமாட்டாள் என்று எதிர்பார்த்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. விளக்கை அணைத்ததுபோல் அவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். "புகையினாலன்னா அம்மா போகச் சொல்லியிருப்பாளே. இது என்ற ஒடம்புல இருக்கற கோளாறுங்க. நாந்தான் உங்க பொழப்பைக் குறை சொல்லிப்போட்டேன்" என்று அவரிடமே மன்னிப்புக் கேட்டாள். மாதேஸ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பொய் வீட்டோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வருஷக் கடைசியில் சந்துக்காரர்கள், குழந்தைகள் எல்லாம் இருமுகிறார்கள் என்று மில் புகையைப் பற்றி அதிகாரிகளுக்கு மனுக் கொடுக்க வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். பாய்லர்காரர் வீட்டில் கேட்பதா என்று தயங்கி, அவள் படுகிற பாட்டைப் பார்த்துக் கேட்டேவிட்டார்கள். வசந்தாமணி பம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "புகையில ஒண்ணும் இல்லீங்க. நான் அம்மாகிட்டயே கேட்டுப்போட்டேன்" என்றாள். அதிகம் மூச்சுத் திணறுகிறவளே அப்படிச் சொன்னபிறகு மற்றவர்களுக்குச் சுருதி இறங்கிப்போயிற்று. மனுவை யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அடுத்த சித்திரையில் இரண்டாவது அலை. மறுபடியும் ஊரடங்கு, மறுபடியும் அடுப்பு அணைந்தது. இந்தமுறை தெருவுக்குக் கஷாய அண்டா வரவில்லை. வசந்தாமணியும் அதன் கசப்பு பிடிக்காமல் எப்போதோ விட்டிருந்தாள். ஒரு வாரம் போனது. ஒரு நாள் மத்தியானம் மாதேஸ்வரன் உள்ளே எட்டிப் பார்த்தார். தலையணை கீழே கிடந்தது. அவள் மல்லாந்து படுத்து, வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் சீழ்க்கை இல்லை.

வெகுநேரம் நிலைப்படியிலேயே நின்றார். கஷாயம் இல்லை, மருந்து மாறவில்லை, தயிர்கூடப் போட்டுச் சாப்பிடுகிறாள். இனி மாற்றிச் சொல்ல அவரிடம் ஒரு காரணமும் மிச்சம் இல்லை. முதல்தடவையே தெரிந்ததுதான். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ள இதுவரை ஒரு சாக்கு இருந்தது, இப்போது அதுவும் போயிற்று. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மில் திறப்பதற்குள் இவளை எருமப்பட்டியில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், மச்சான் என்ன கேலி பேசினாலும் சரி என்று முடிவு செய்தார். ஆனால் வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, மில்லும் திறந்து, புகையும் இறங்கி, அவள் மறுபடியும் சுவரில் சாய்ந்த பிறகுதான் அந்த நாளை வந்தது.

அந்த வாரம்தான் சௌந்தர்யா முழுகாமல் இருக்கிறாள் என்று திருச்செங்கோட்டிலிருந்து செய்தி வந்திருந்தது. வசந்தாமணி சந்தோஷமாக இருந்தாள். மாதேஸ்வரன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"வசந்தா, எருமப்பட்டிக்குப் போயர்லாம். மச்சான்கிட்டப் பேசிப்போட்டேன்."

"அம்மாதான் வேண்டாம்னுட்டாளே."

"அம்மா சொல்லலை புள்ள. நாந்தான் சொன்னேன். ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் வெச்சேன். வெள்ளையச் சட்டைப் பையில போட்டுட்டுப் போயி அடுப்புல எறிஞ்சுபோட்டேன். உங்க அண்ணன் ஊட்டு வாசல்ல போயி நிக்கோணுமேன்னு…"

இதற்கு அவர் மனதில் எத்தனையோ ஒத்திகை பார்த்திருந்தார். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், இனி உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று பெட்டியைத் தூக்குவாள். தூக்கினால் நல்லது. அப்படியாவது எருமப்பட்டிக்குப் போய்ச் சேர்வாள்.

வசந்தாமணி அவரையே பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. பிறகு சிரித்தாள்.

"என்ற மேல இத்தனை உசுரா உங்களுக்கு?"

"என்ன புள்ள சொல்ற?"

"என்னைய எப்படியாச்சும் அங்க கூட்டிட்டுப் போகோணும்னு, சாமி காரியத்துலயே பொய் சொல்றீங்களே. நீங்க அப்படிச் செய்யற ஆளா? எனக்குத் தெரியாதுங்களா உங்களை?"

"சத்தியமாச் சொல்றேன் வசந்தா. சூடத்தைக் கொளுத்து, அணைச்சுச் சத்தியம் பண்றேன்."

அவள் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அந்தச் சின்ன அசைவுக்கே மூச்சு வாங்கியது. "பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க. புள்ளத்தாச்சி இருக்கற நேரம். அம்மா சொல்லைத் தாண்டி நாம ஊடு மாறுனோம்னா அது நம்ம புள்ளை வயித்துல விடியும். எனக்கு மூச்சு இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வருமுங்க. நீங்க கம்முனு இருங்க."

மறுபடியும் பூக் கேட்கலாம் என்றார். ஒருமுறை கேட்ட காரியத்தை இன்னொருமுறை கேட்டால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகும் என்று பூசாரியே சொல்லிவிட்டார். மாதேஸ்வரன் மணியனை வரவழைத்துப் பேசச் சொன்னார். அவர் வந்து, தங்கச்சி சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்க இத்தனை நல்லவருன்னு எனக்குத் தெரியாமப் போச்சு மாப்ளெ" என்று கையைப் பிடித்துக்கொண்டு போனார். வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தார். இவர் விட்டால் மறுநாளே இன்னொருவர் வந்து அதே துணியை அதே அடுப்பில் போடுவார். புகைபோக்கிக்கு ஆள் அடையாளம் கிடையாது. வருஷக்கணக்கில் எல்லாரும் நம்பின மனிதர், உண்மை சொன்ன ஒரு நாளில் மட்டும் ஒருத்தரும் நம்பவில்லை.

இரண்டு வேளைப் பம்பு நாலு வேளையானது. சௌந்தர்யா போனில் ஒருநாள், "எல்லாம் பழையபடிக்கு வந்துருச்சுங்கம்மா. கொறஞ்ச வாயு எல்லாம் திரும்பி, முன்னைக்கும் மேல போயிருச்சாமா" என்றாள். தொட்டியில் விழுகிற குழாயைக் கொஞ்ச நாள் லேசாகத் திருகிவைத்தோமே தவிர, தொட்டி நிறைவது நிற்கவே இல்லையாம், அதையும் சொன்னாள். வசந்தாமணி ம் கொட்டினாள். உலகத்துத் தொட்டியைப் பற்றி அவளுக்கென்ன. அவள் மாசித் திருவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். புருஷன் தன்மேல் வைத்த பிரியத்தில் அம்மன்மேல் அபாண்டம் சொல்லிவிட்டார், அந்தப் பாவம் அவரைத் தொடக்கூடாது என்று தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தாள்.

"நெஞ்சுல மூச்சில்லாதவ தீச்சட்டி எடுக்கறதா? நான் எடுக்கறேன்" என்று மாதேஸ்வரன் மன்றாடினார். வேண்டினவள்தான் எடுக்க வேண்டும் என்றாள்.

திருவிழா அன்று காலையில் மஞ்சள் சேலை கட்டி, கோயில் முன்னால் நின்றாள். சௌந்தர்யா நிறைமாதம் என்பதால் வரவில்லை. சட்டியை இறக்கிவைத்துப் பூசாரி தீ மூட்டக் குனிந்தபோது வசந்தாமணி தடுத்தாள்.

"அவரே மூட்டட்டுமுங்க. அவருக்காகத்தான எடுக்கறேன். பாய்லர்காரரு கை, நல்லாப் பத்தும்."

மாதேஸ்வரன் மண்டியிட்டார். குவித்துக் கிடந்த விறகில் ஈரமில்லாத சுள்ளிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்கினார். காற்று உள்ளே போய்வர இடம் விட்டு அடுக்கினார். எண்ணெய் ஊற்ற வந்தவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். அடியில் பற்றவைத்து, கையாலேயே விசிறி, மேலே வரும்வரை பொறுத்திருந்தார். தீ மஞ்சளாக, தெளிவாக எழுந்தது. புகை இல்லை. புகையில்லாமல் தீ மூட்ட அவருக்குத் தெரியும். இருபது வருஷமாகவே தெரியும்.

வசந்தாமணி வேப்பிலையைச் சுற்றிச் சட்டியைக் கையில் ஏந்தினாள். தீக்கு மேலே பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"பாத்தீங்களா," என்றாள், மூச்சை நிறுத்தி நிறுத்தி. "துளி… புகையில்லை. நீங்க சொன்ன பொய்யை… அம்மா மன்னிச்சுட்டா."

மேளம் கிளம்பியது. ஊர்வலம் கோயிலைச் சுற்றி மில் சந்துக்குள் திரும்பியது. மாதேஸ்வரனுக்குப் பதிலாக அன்றைக்கு வேறொருவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகைபோக்கியில் கறுப்பாகச் சுருண்டு எழுந்த துணிப்புகை சந்துக்குள் இறங்கியது. வசந்தாமணி இருமினாள். இருமி, சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெள்ளரளியை ஒளித்த அதே சட்டைப்பையில் அவளுடைய பம்பை வைத்துக்கொண்டு, பின்னாலேயே போனார் மாதேஸ்வரன்.